இயந்திரம் நின்ற பிறகு: தலித் இதழ்களைக் காத்தவர்கள்



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த நாளான மே 5-ஐ ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் இந்த உரையை நிகழ்த்தி, பிறகு சிறு நூலாக அச்சிட்டுத் தருகிறோம். இந்த ஆண்டு வேறொரு தலைப்பைத்தான் முதலில் முடிவு செய்திருந்தோம். அதை மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம், சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கு நேர்ந்த ஓர் இழப்பு.

நம் அமைப்பின் இணையதளம் இயங்கிவந்த சர்வர் ஒருநாள் இரவு பழுதானது. பிரதி எடுத்து வைத்திருக்கிறோம் என்று நம்பியிருந்தோம். அந்தப் பிரதியும் அதே இயந்திரத்துக்குள்தான் இருந்திருக்கிறது. கடவுச்சொல் ஒரே ஒரு தோழரிடம் இருந்தது. தளத்தின் பெயரும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவரோ வேலைக்காக வெளிநாட்டில் இருந்தார். மூன்று வாரம் கழித்துத் தளம் மீண்டும் எழுந்தபோது கட்டுரைகளில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஆய்வுக்காக ஒரு மாணவி சேமித்து வைத்திருந்தவை, எழுதியவர்களே பத்திரப்படுத்தியிருந்தவை, இன்டர்நெட் ஆர்க்கைவ் தானாக எடுத்து வைத்திருந்தவை என்று பல இடங்களிலிருந்து திரட்டினோம்.

திரும்பக் கிடைக்காதவை வாசகர்கள் எழுதியவை. எந்த ஊர்த் தேநீர்க் கடையில் தனிக் குவளை, எந்த ஊரில் சுடுகாட்டுப் பாதையை மறித்தார்கள், எந்தப் பள்ளியில் யார் பிள்ளைகள் கழிப்பறை கழுவினார்கள் என்று பலர் தம் கைப்பட எழுதியிருந்தார்கள். வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அவை. எங்களை நம்பி எழுதினார்கள். எங்கள் கவனக்குறைவால் அவை போயின. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இந்த நிலைமை நமக்குப் புதிதா என்ற கேள்வியோடு பழைய இதழ்களின் வரலாற்றைத் திரும்பப் படித்தோம். அந்தக் காலத்தில் சர்வர் கிடையாது, அச்சு இயந்திரம்தான். அதுவும் நின்றது. பணம் தீர்ந்து நின்றது, நடத்தியவர் ஊரைவிட்டுப் போனதால் நின்றது, இறந்ததால் நின்றது. அப்படி நின்ற பிறகும் சில இதழ்கள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, சில வரவில்லை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதே இன்றைய உரை.

1. பெயர் மட்டும் மிஞ்சியவை

தலித் மக்கள் பத்திரிகை நடத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில் அல்ல. 1869-இல் ‘சூரியோதயம்’, 1871-இல் ‘பஞ்சமன்’, 1885-இல் அயோத்திதாசரும் ஜான் ரத்தினமும் சேர்ந்து நடத்திய ‘திராவிட பாண்டியன்’, அதைத் தொடர்ந்து ‘மகாவிகடதூதன்’, 1893-இல் ‘பறையன்’, பின்னர் ‘பூலோகவியாசன்’, சொப்பனேஸ்வரி அம்மாள் நடத்திய ‘தமிழ்ப்பெண்’ என்று வரிசை நீள்கிறது. ஜெ. பாலசுப்பிரமணியம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலில் 1869 முதல் 1943 வரையிலான இந்த வரலாற்றைத் தொகுத்துத் தந்திருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

இந்த வரிசையைச் சொல்லும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இதழைக் காட்டு என்று ஒருவர் கேட்டால் நம் நிலை என்ன? முதல் இரண்டுக்கும் பெயரையும் ஆண்டையும் தாண்டி நம்மால் அதிகம் பேச முடியாது. அந்தப் பெயர்களும்கூட, பின்னால் வந்தவர்கள் தங்கள் எழுத்தில் நினைவுகூர்ந்ததால்தான் நமக்குத் தெரிகின்றன. உள்ளே யார் எழுதினார்கள், எந்த ஊர்ச் செய்தி வந்தது, யாரோடு வாதாடினார்கள் என்பதெல்லாம் போய்விட்டது.

இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ இதற்குச் சற்று மேல். 1939-இல் அவரே எழுதி வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ அந்தப் பத்திரிகை பிறந்த கதையைச் சொல்கிறது. 1893 அக்டோபரில் நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கினார். விலை இரண்டணா. முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் நானூறு பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. இகழ்ச்சியாக வழங்கிய பெயரையே பத்திரிகையின் தலையில் பொறித்து, அதை வீதியில் விற்ற துணிவை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கலாம். 1896-இல் வெளிவந்த ஒரு கடிதத்துக்காக வழக்கு வந்தது. நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு நூறு ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பத்திரிகையும் அதைச் சூழ்ந்திருந்த மகாஜன சபையும் எவ்வளவு தூரம் வேர்விட்டிருந்தன என்பதற்கு ஒரு சான்று போதும். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அவர்கள் அனுப்பிய மனு 112 அடி நீளம். அதில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். பத்திரிகை சென்ற ஊர்களில் இப்படிப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள்.

1900-இல் சீனிவாசன் கடல் கடந்து போனார். ஏழு ஆண்டுகள் நடந்த ‘பறையன்’ அத்தோடு நின்றது. அச்சுக்கூடம் இருந்தது, வாசகர்கள் இருந்தார்கள், நடத்தத்தான் இன்னொரு கை இல்லை. இதைக் குறை சொல்வதற்காக அல்ல, நம் தளத்தின் கடவுச்சொல் ஒரே தோழரிடம் இருந்ததை நினைத்துச் சொல்கிறோம். நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில்தான் நாங்களும் இடறியிருக்கிறோம்.

‘பறையன்’ எழுதியதில் ஒரு பகுதி இன்று நமக்குத் தெரிவது எப்படி என்பது விசித்திரமான கதை. அன்றைய ஆங்கில அரசு, சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணித்தது. அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதி, அதிகாரிகள் மட்டும் படிக்கும் அறிக்கையாக அச்சிட்டது. அந்த அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்மைக் கண்காணிக்க எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்துதான் ஆய்வாளர்கள் நம் முன்னோர் பேசியதை மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தமிழ் அங்கே இல்லை. அரசுக்கு முக்கியம் என்று ஓர் அதிகாரி கருதியதன் சுருக்கம் மட்டுமே இருக்கிறது. நாமே பாதுகாக்காதபோது, நம் பேச்சில் எது மிஞ்ச வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள்.

2. இராயப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு

‘தமிழன்’ கதை வேறு. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழாக வெளிவந்தது. நான்கு பக்கம், விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாசகர் விருப்பத்தை ஏற்று ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. ‘இந்திரர் தேச சரித்திரம்’ போன்றவை முதலில் இந்த இதழில்தான் தொடராக வந்தன. சித்த மருத்துவம், பௌத்தம், இலக்கணம், அரசியல், விவசாயம், உலகச் செய்தி எல்லாம் அந்தச் சில பக்கங்களுக்குள் அடங்கின.

1910-இல் வந்த பத்திரிகைச் சட்டம் புதிய அச்சகம் தொடங்குவோரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கேட்க வழிசெய்தது. செல்வர்களின் பத்திரிகைகளே தள்ளாடிய காலம் அது. ‘தமிழன்’ தாக்குப்பிடித்தது.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு நின்றது. ‘பறையன்’ போலவே இதுவும் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1926-இல் கோலார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ மீண்டும் வந்தது. ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, 1934 வரை நடந்தது.

ஏன் தங்கவயல்? காரணம் பத்திரிகைக்கு வெளியே இருக்கிறது. பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்குச் சென்னையில் மட்டும் அல்ல, கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் டர்பனிலும் கிளைகள் இருந்தன. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே பௌத்த விகாரையும் பள்ளியும் அமைத்துக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் வேலை செய்து வந்தவர்கள், மேலே வந்து பத்திரிகையை ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாகவும் அங்கிருந்தே வெளியிட்டார்கள்.

எனவே ‘தமிழன்’ என்பது இராயப்பேட்டையின் ஓர் அச்சு இயந்திரம் மட்டுமாக இருக்கவில்லை. சந்தா கட்டியவர், செய்தி அனுப்பியவர், படித்துக் காட்டியவர், கட்டி வைத்தவர் என்று பல ஊர்களில் பரவிக் கிடந்தது. ஓரிடத்தில் நின்றதும் இன்னோரிடத்தில் எழ முடிந்ததற்கு இதுவே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். இடையே பத்தாண்டுக்கும் மேற்பட்ட மௌனம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். தளம் மூன்று வாரம் நின்றதற்கே எல்லாம் போயிற்று என்று நாங்கள் சோர்ந்து போனோம்.

1934-க்குப் பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. ‘தமிழன்’ இதழ்களைப் பொது நூலகங்கள் முறையாகத் தொகுத்து வைக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தேடவில்லை. தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் செலவில், பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் அந்தத் தாள்களைக் காத்தார்கள். அந்தச் சேமிப்பை அடிப்படையாகக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வெளிவந்தது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! அதற்குப் பிறகுதான் அவரைப் பற்றிய ஆய்வேடுகளும் கருத்தரங்குகளும் இந்த நினைவு உரைகளும். நாம் இன்று பண்டிதரைப் பற்றிப் பேச முடிவதற்கு, யாரும் கேட்காதபோதும் பழைய தாள்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்த சிலர்தான் காரணம். அவர்களுக்குச் சிலை கிடையாது.

3. பம்பாயிலிருந்து ஒரு பாடம்

தமிழகத்தில் மட்டும் நடந்ததல்ல இது. பாபாசாகேப் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் தந்து உதவினார். பத்திரிகை வரப்போகிறது என்ற விளம்பரத்தைக் கட்டணம் தருவதாகச் சொல்லியும் ‘கேசரி’ வெளியிட மறுத்தது. அதே ஆண்டு அம்பேத்கர் மேற்படிப்பைத் தொடர லண்டன் போனார். பத்திரிகை மற்றவர்கள் பொறுப்பில் தள்ளாடி 1923-இல் நின்றது.

மகாத் குளத்துப் போராட்டம் நடந்த சில நாட்களில், 1927 ஏப்ரல் 3 அன்று ‘பகிஷ்கிருத பாரத்’ வந்தது. இந்த இதழில் அம்பேத்கர் தம் வாசகர்களிடம் வெளிப்படையாகக் கணக்குப் பேசினார். உதவிக்கு ஆள் இல்லாமல் பத்திகளையெல்லாம் தாமே எழுதி நிரப்ப வேண்டியிருப்பதையும், இதழின் கடன் தனி மனிதர் கடன் அல்ல, மக்களின் கடன் என்பதையும் எழுதினார். வழக்கறிஞர் தொழில், கல்லூரிப் பணி, போராட்டம், சட்டமன்றம், இவற்றுக்கிடையே பத்திரிகை. 1929 நவம்பரில் அதுவும் நின்றது. அம்பேத்கராலேயே தனியாக ஒரு பத்திரிகையைத் தொடர்ந்து இழுக்க முடியவில்லை என்றால், தனியாளாக எதையும் இழுக்கலாம் என்று நம் இளைஞர்களிடம் நாம் எதிர்பார்ப்பது நியாயமா?

1930 நவம்பரில் தொடங்கிய ‘ஜனதா’ கால் நூற்றாண்டு நடந்தது. 1956 பிப்ரவரியில் ‘பிரபுத்த பாரத்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு மேலும் தொடர்ந்தது. இதன் ஆசிரியர் நாற்காலியில் அம்பேத்கர் உட்காரவில்லை. தேவ்ராவ் நாயக், கத்ரேகர், சகஸ்ரபுத்தே என்று பலர் மாறி மாறிப் பொறுப்பேற்றார்கள். பாரத் பூஷண் என்ற சொந்த அச்சகம் இருந்தது. அவர் மகன் யஷ்வந்த் அந்த வேலையைப் பார்த்தார். வேலை பங்கிடப்பட்ட இதழே நீண்ட காலம் வாழ்ந்தது.

சொந்த இயந்திரமும் முழுக் காப்பு அல்ல. அந்த மரபில் வந்த அச்சகம் இருந்த மும்பை தாதர் அம்பேத்கர் பவன் 2016 ஜூனில் ஒரு நள்ளிரவு தாண்டிய வேளையில் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆனால் ‘மூக்நாயக்’, ‘பகிஷ்கிருத பாரத்’ இதழ்கள் அந்த இடிபாட்டில் அழியவில்லை. வசந்த் மூன் பல இடங்களில் தேடித் திரட்டிய பிரதிகளை மகாராஷ்டிர அரசு 1990-இலேயே நூலாக்கியிருந்தது.

4. இன்று நம் கையில் இருப்பது

சர்வர் என்றால் என்னவோ வானத்தில் இருக்கும் பொருள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது எங்கோ ஒரு கட்டடத்தில் மின்சாரத்தில் ஓடும் கணினி. நாம் அதில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை கட்டாவிட்டால் வெளியேற்றுவார்கள். இயந்திரத்தின் வட்டு கெட்டால் உள்ளே இருப்பது போகும். இலவசமாக இடம் தரும் நிறுவனம் ஒருநாள் கடையை மூடிவிடலாம். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான சாதாரண மக்களின் பக்கங்கள் இருந்தன. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக இறக்கி வைத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. யாகூ குழுமங்கள் 2019 இறுதியில் பழைய மடல்களை அகற்றத் தொடங்கி 2020 டிசம்பரில் முற்றிலும் மூடப்பட்டன. முதல் தலைமுறை தலித் இணைய விவாதங்களில் கணிசமானவை அங்கேதான் நடந்தன.

அதே நேரம் நம்பிக்கை தரும் முயற்சிகளும் தமிழிலேயே உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகம் எங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து வளர்த்தது. 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டமும் அப்படியே. இவற்றில் வேலை சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் களைத்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடிகிறது.

எங்கள் விபத்துக்குப் பிறகு சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். மற்ற அமைப்புகளுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறோம். தளத்தின் பெயர் இனி அமைப்பின் பெயரில் பதிவாகும். கடவுச்சொல் மூவரிடம் இருக்கும். அவர்களில் ஒருவராவது பெண் தோழராக இருப்பார். மாதம் ஒருமுறை எடுக்கும் பிரதி வேறு இரண்டு ஊர்களில், வேறு இரண்டு பேர் வீட்டு வட்டில் இருக்கும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பிரதியிலிருந்து தளத்தை எழுப்ப முடிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். வரவு செலவு ஆண்டு மலரில் அச்சாகும். ஆண்டின் முக்கிய எழுத்துகளை அச்சிட்ட தொகுப்பாக்கி, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவோம். இணையத்தில் மட்டும் இருப்பதை அந்த நூலகம் நமக்காக வைத்திருக்காது, அச்சில் வந்தால் வைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் பரப்பக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளானவர்கள் தங்கள் பெயரோடு எழுதும் சாட்சியங்களைப் பத்து வீடுகளில் வைப்பது அவர்களுக்கே ஆபத்தாக முடியலாம். அவற்றை யார் வைத்திருப்பது, யார் பார்ப்பது என்பதை எழுதியவர்களைக் கேட்டே முடிவு செய்வோம். காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

கடைசியாக அந்தத் தோழரைப் பற்றி. பல ஆண்டுகள் இரவுப் பணி முடித்து வந்து, தூக்கத்தை விட்டு, தன் சம்பளத்தில் வாடகை கட்டித் தளத்தை நடத்தியவர் அவர். பழுதான அன்று எங்களில் சிலர் அவர்மேல் கோபப்பட்டோம். அது தவறு. ஒருவர் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அதைத் தொண்டு என்று பாராட்டிக்கொண்டிருந்தது எங்கள் தவறு. அவரிடம் இந்த மேடையிலிருந்து வருத்தம் தெரிவிக்கிறோம்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய துண்டறிக்கை, மாநாட்டு மலர், சங்க நோட்டு ஏதாவது இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள், எந்த ஊர், யாருடையது என்று எழுதி வையுங்கள். நம் தளத்தில் முன்பு எழுதியவர்கள் நினைவிலிருந்து மீண்டும் எழுத முடிந்தால் எழுதித் தாருங்கள். நுழைவாயிலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தளப் பணியில் வாரம் இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்கள் அதில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.